நிறுத்து என்று சொல்ல ஒருவர்

1969 ஆகஸ்டில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் ஓர் இளைஞருக்குச் சின்னதாக ஒரு வேலை போட்டுக் கொடுத்தது. தினம் இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு டாலர் கூலி. பாய்ட் எப்லி என்ற அந்த இளைஞர் கோலூன்றித் தாண்டும் வீரர். முதுகில் அடிபட்டதால் பல்கலைக்கழகத்தின் பளு தூக்கும் அறையே கதி என்று கிடந்தவர். காயம்பட்டு அங்கே வந்த கால்பந்து வீரர்கள் அவரைப் பார்த்துத் தாங்களும் பளு தூக்கினார்கள். அணிக்குத் திரும்பியபோது முன்னைவிட வலுவாக இருந்தார்கள். துணைப் பயிற்சியாளர் டாம் ஆஸ்போர்ன் இதைக் கவனித்து, தலைமைப் பயிற்சியாளர் பாப் டெவனியின் காதில் போட்டார்.

டெவனிக்கு நம்பிக்கை வரவில்லை. பளு தூக்கினால் தசை இறுகி ஓட்டம் மந்தமாகிவிடும் என்பது அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களின் பரவலான எண்ணம். இருந்தாலும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. எவனாவது ஒருவன் மெதுவானாலும் எப்லிக்கு வேலை போய்விடும்.

யாரும் மெதுவாகவில்லை. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆறு ஆட்டங்களில் வென்று நான்கில் தோற்றிருந்த அணி, 1970லும் 1971லும் தேசிய சாம்பியன் ஆயிற்று. பெருமை முழுவதையும் இரும்புக் குண்டுகளுக்குக் கொடுக்க முடியாதுதான். ஆனால் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. எங்களுக்கும் ஓர் எப்லி வேண்டும் என்று தேட ஆரம்பித்தன. 1978ல் எப்லியே இந்தத் தொழிலுக்கென ஒரு தேசியச் சங்கத்தைத் தொடங்கினார். 1985ல் அது சான்றிதழ்த் தேர்வு நடத்தத் தொடங்கியது. உடல்வலுப் பயிற்சியாளர் என்ற உத்தியோகம் இப்படித்தான் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வேர்விட்டது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நம் ஊர்க் கால்பந்தை அல்ல. அதில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், குறுக்கே வருபவனை முட்டிச் சாய்ப்பதும்தான் ஆட்டம். நூற்று முப்பது, நூற்று நாற்பது கிலோ எடையுள்ள இளைஞர்கள் முழு வேகத்தில் மோதிக்கொள்வார்கள். இதைக் காண ஒரு கல்லூரி மைதானத்தில் 80,000 பேர் கூடுவது அங்கே சாதாரணம். நெப்ராஸ்காவில் 1962ல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு சொந்த மைதான ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மிஞ்சியதில்லை. அந்தப் பணம்தான் மணிக்கு இரண்டு டாலரில் தொடங்கிய வேலையை எங்கோ கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அயோவா பல்கலைக்கழகத்தில் இந்தப் பதவியில் இருந்த கிறிஸ் டாய்ல் 2020ல் வாங்கிய ஆண்டுச் சம்பளம் சுமார் 8 லட்சம் டாலர்.

சம்பளத்தைவிடப் பெரியது அவர்களுடைய அதிகாரம். கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, மாணவர்கள் படிக்கவும் வேண்டுமே என்ற எண்ணத்தில், பயிற்சி நேரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறது. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், மற்ற மாதங்களில் அதைவிடக் குறைவு. அந்த மற்ற மாதங்களின் பெரும்பகுதியில் தலைமைப் பயிற்சியாளர் களத்தில் இறங்கிப் பயிற்சி தர முடியாது. உடல்வலுப் பயிற்சியாளருக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே ஜனவரியின் குளிர் விடியலிலும் ஜூன் மாத வெயிலிலும் வீரர்களோடு இருப்பவர் அவர்தான். யார் எவ்வளவு பளு தூக்கினான், 40 கஜத்தை எத்தனை விநாடியில் ஓடினான், யார் தாமதமாக வந்தான், யார் முணுமுணுத்தான் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு மாணவன் தன் தலைமைப் பயிற்சியாளரைவிட இவருடைய முகத்தைத்தான் அதிக நாள் பார்க்கிறான்.

ஆனால் அவருடைய பிழைப்பு தலைமைப் பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் முதல் ஆளாக நியமிப்பது பெரும்பாலும் இவரைத்தான். அவரோடு வருகிறார், அவர் தோற்று விலக்கப்பட்டால் இவரும் பெட்டியைக் கட்டுகிறார். பல்கலைக்கழகம் விட்டுப் பல்கலைக்கழகம், மாநிலம் விட்டு மாநிலம் என்று குடும்பத்தோடு அலைவதுதான் இந்தத் தொழிலில் பலருடைய வாழ்க்கை. தலைமைப் பயிற்சியாளர் கேட்பதோ ‘உறுதி’. பையன்களை உடைத்துப் பார், தாங்குபவன் தேறட்டும் என்பது அந்த வட்டாரத்தின் பழைய பாடம். அந்தச் சித்தாந்தத்தைச் செயல்படுத்தும் ஆளாக இவர் ஆகிவிடுகிறார்.

விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. 2011 ஜனவரியில், விடுமுறை முடிந்து திரும்பிய அயோவா வீரர்களுக்கு ஒரு பயிற்சி கொடுக்கப்பட்டது. தாங்கள் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் சுமந்து 100 முறை உட்கார்ந்து எழ வேண்டும். கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். சில நாட்களுக்குள் 13 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தசை சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நோய் அது. பிழைத்துக்கொண்டார்கள். அந்தப் பயிற்சியை இனி தர வேண்டாம் என்றது பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு. பயிற்சியாளர் டாய்ல் பதவியில் நீடித்தார். 2020ல் முன்னாள் கறுப்பின வீரர்கள் பலர் அவர் தங்களை இழிவாக நடத்தியதாகப் புகார் சொன்ன பிறகே வெளியேறினார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். போகும்போது பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தது சுமார் 11 லட்சம் டாலர்.

எல்லோரும் பிழைக்கவில்லை. 2018 மே 29 அன்று மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் வீரர்களை 110 கஜ ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். ஜோர்டன் மக்நேர் என்ற 19 வயது மாணவர் துவண்டு விழுந்தார். வெப்பத் தாக்கு. இதற்கு வைத்தியம் எளிமையானது, பயிற்சி மைதானம் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தது: ஆளை உடனே பனிக்கட்டி போட்ட தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்த வேண்டும், உடம்பு குளிர்ந்த பிறகுதான் ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டும். அவரை யாரும் அமிழ்த்தவில்லை. ஜூன் 13 அன்று இறந்தார். தங்களுக்குச் சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பு உண்டு என்று பல்கலைக்கழகத் தலைவர் ஒப்புக்கொண்டார். உடல்வலுப் பயிற்சியாளர் பதவி விலகினார். தலைமைப் பயிற்சியாளர் அக்டோபர் கடைசியில் நீக்கப்பட்டார். உடல்வலுப் பயிற்சியாளரை யார் மேற்பார்வையிடுவது என்பதிலேயே அங்கே தெளிவில்லாமல் இருந்தது விசாரணையில் வெளிவந்தது.

இது ஒரு பல்கலைக்கழகத்தின் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. 2000 முதல் 2016 வரை கல்லூரிக் கால்பந்தில் 33 வீரர்கள் இறந்ததாக மருத்துவ ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மோதலில் அடிபட்டு இறந்தவர்கள் 6 பேர். மற்ற 27 பேரையும் எந்த எதிராளியும் தொடவில்லை. இதயம், வெப்பம், ரத்த அணுக்களின் பரம்பரைக் கோளாறு என்று காரணங்கள் வேறு வேறு. ஆனால் பெரும்பாலும் அது நடந்தது பயிற்சியில். முரட்டு ஆட்டம் என்று உலகமே சொல்லும் ஒரு விளையாட்டில், ஆட்டத்தைவிட அதற்கான தயாரிப்பு அதிகம் பேரைக் கொன்றிருக்கிறது.

சீர்திருத்தம் நடக்காமல் இல்லை. பெரிய கல்லூரிகளில் சான்றிதழ் இல்லாதவர் இந்த வேலைக்கு வர முடியாது என்றாகிவிட்டது. மருத்துவர் முடிவில் பயிற்சியாளர் தலையிடக் கூடாது என்று பெரும் பல்கலைக்கழகங்கள் 2016ல் விதி செய்தன. உடற்பயிற்சியைத் தண்டனையாகத் தரக் கூடாது, உடல்வலுப் பயிற்சியாளர் மருத்துவப் பிரிவுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று 2019ல் என்.சி.ஏ.ஏ. பரிந்துரைத்தது. எல்லாம் சரியானவையே. ஆனால் சான்றிதழ் அறிவைக் கொடுக்கும், துணிவைக் கொடுக்காது. மேரிலாந்தில் பனித்தொட்டியைப் பற்றித் தெரியாதவர்களா இருந்தார்கள்?

இந்தத் தொழிலில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஏழை வீட்டிலிருந்து வரும் பதினெட்டு வயதுப் பையனுக்குச் சாப்பிடவும் தூங்கவும் நேரத்துக்கு எழவும் கற்றுக்கொடுத்து, தகப்பன் ஸ்தானத்தில் நிற்பவர்கள். அவர்களுக்காகவாவது ஒன்று மாற வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் மாறினாலும் மாறாத வேலையாக இது ஆக வேண்டும். சம்பளமும் பதவி நீட்டிப்பும் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு வழியாக வர வேண்டும். இன்று போதும், பையன் தள்ளாடுகிறான் என்று மேலே இருப்பவரிடம் சொன்னால் தன் வீட்டு அடுப்பு அணைந்துவிடாது என்ற நிச்சயம் அவருக்கு வேண்டும்.

ஒருவன் மெதுவானாலும் வேலை போகும் என்றார் டெவனி. ஓட்டத்தை அளக்க அந்த நிபந்தனை போதுமானதாக இருந்தது. ஒருவன் மெதுவாகும்போது அதைக் கண்டு நிறுத்தினால் வேலை போகாது என்ற உத்தரவாதத்தை மட்டும் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.