பழம்பெருமை பேசினால் போதுமா?



உலகின் முதல் கோயிலைக் கட்டியவன் தமிழனே என்று நம் மாணவர் சிலர் கட்டுரையில் எழுதுகின்றனர். சான்று கேட்டால் விடையில்லை.

துருக்கியின் கோபெக்லி தெப்பேயில், ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன்பே, எழுத்தும் மட்பாண்டமும் அறியாத வேட்டை மக்கள் 5 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கற்றூண்களை நிறுத்தினர். பயிர்த்தொழில் வேரூன்றிய பின்னரே மனிதன் வழிபாட்டிடம் எழுப்பினான் என்ற பழைய கருத்து அதனால் ஆட்டங்கண்டது. இவ்வுண்மையைக் கற்பிப்பதால் தமிழின் தொன்மைக்கு எவ்வித இழுக்கும் இல்லை.

நம் நாட்டிலும் பெருங்கற்கள் உண்டு. நெகிரி செம்பிலானின் பெங்காலான் கெம்பாஸில் வாள், கரண்டி, சுக்கான் எனப் பெயர்பெற்ற நெடுங்கற்கள் நிற்கின்றன. தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பலாம். நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் கண்டிருக்கின்றனர்?

கடாரமாம் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டி 2013இல் நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்டது. இடிந்தபின் எழுந்த குரலில் பாதியேனும் அது நின்றபோது எழுந்திருக்க வேண்டும்.

ஆதலின், வரும் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். வரலாற்றை நேரில் கண்ட பிள்ளையே நாளை அதைக் காக்க முன்வரும் என்பது என் உறுதியான கருத்து.