குதிரைக்குப் பேர் இருக்கு, படம் புடிச்சவனுக்கு?

பேப்பர்ல குதிரைப் பந்தயச் செய்தி வர்ற பக்கத்தை எப்பவாவது உத்துப் பார்த்திருக்கீங்களா? நான் பார்ப்பேன். பெட் கட்டறதுக்கு இல்லீங்க, படத்துக்காக. ஜெயிச்ச குதிரையோட கடிவாளத்தைப் புடிச்சுக்கிட்டு ஓனர் சிரிச்சபடி வர்ற படம் ஒண்ணு இருக்கும். கீழே குதிரை பேர், ஓனர் பேர், டிரெய்னர் பேர், ஜாக்கி பேர். ரேஸ் புத்தகத்தைப் புரட்டினா குதிரையோட அப்பன், ஆத்தா பேர் கூட அச்சுல இருக்கும். படம் எடுத்தவன் பேர் மட்டும் பல நேரம் இருக்காது. (வருஷம் பூரா குதிரைக்குப் புல்லு வெச்சு, குளிப்பாட்டி, கூடவே தூங்கற குதிரைக்காரர் பேரும் இருக்காது. அது தனியா எழுத வேண்டிய வயித்தெரிச்சல்.)

நான் பேசறது பத்திரிகையில சம்பளத்துக்கு இருக்கிற போட்டோகிராபரைப் பத்தி இல்ல. சொந்தக் காசுல கேமரா வாங்கி, சொந்தக் காசுல பஸ் ஏறிப் போற ஆளைப் பத்தி. எங்க ஊர்ல அப்படிப்பட்டவங்க உண்டு. ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். சிப்காட்ல நைட் ஷிப்ட் முடிச்சு, குளிச்சுட்டு, அத்திப்பள்ளி தாண்டிப் போனா மதியம் ரேஸ். என் சீனியர் ஒருத்தரோட அண்ணன் அப்படித்தான். டெர்பி மாதிரி பெரிய பந்தயம்னா லீவு போட்டுட்டே கிளம்பிடுவார்.

சும்மா போய் க்ளிக் பண்ற வேலைன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பந்தயக் குதிரை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல வரும். அதாவது ஒரு நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர். ஷட்டரை 1/1000 நொடியில வெச்சாக்கூட அதுக்குள்ள குதிரை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்திருக்கும். பின்னாடி இருக்கறதெல்லாம் கோடு கோடா இழுத்து, குதிரை தலை மட்டும் தெளிவா நிக்கிற படம் பார்த்திருப்பீங்களே, அதுக்கு ஷட்டரை 1/60க்குக் குறைக்கணும். இப்ப குதிரை கால் மீட்டருக்கு மேல நகரும். அந்த நகர்வுக்குச் சமமா இடுப்புல இருந்து உடம்பைத் திருப்பிக்கிட்டே அமுக்கணும். குதிரை மிரளும்ங்கறதால ஃப்ளாஷ் கூடாது. 1200 மீட்டர் பந்தயம் ஒண்ணேகால் நிமிஷத்துல முடிஞ்சிரும், அதுல உங்க முன்னாடி குதிரை இருக்கறது ரெண்டு நொடி. ரீடேக் கிடையாது.

முடிவுக் கோட்டுல மாட்டியிருக்கிற போட்டோ ஃபினிஷ் கேமரா வேற ஜாதி. அது ஒரு மெல்லிய கீற்று வழியா கோட்டை மட்டுமே பார்த்துக்கிட்டிருக்கும். அதோட படத்துல இடமிருந்து வலமா நீங்க பார்க்கறது தூரம் இல்ல, நேரம்! எந்த மூக்கு முதல்ல வந்துச்சுன்னு சொல்ல அதை விட்டா ஆள் இல்ல. ஆனா அந்தப் படத்தை யாரும் ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்ட மாட்டாங்க. மாட்டறது நம்ம அண்ணன் எடுத்த படத்தைத்தான்.

அவருக்கு நடந்ததைச் சொல்றேன். எந்த மைதானம், எந்த ஓனர்ங்கறது வேணாம். ஒரு பெரிய பந்தய நாள்ல ஜெயிச்ச குதிரை முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வர்ற மாதிரி அருமையான படம். ஓனர் தரப்புல இருந்து போன். "தம்பி, படம் சூப்பர். ஒரிஜினலை வாட்ஸப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க." அனுப்பினார். காசைப் பத்தி மெல்ல இழுத்தப்ப, "என்ன தம்பி, உங்களுக்கும் பேர் கிடைக்குமில்ல?" ஜனவரியில காலண்டர் வந்துச்சு. பளபளன்னு அதே படம். அதுல பிரஸ் பேர் இருந்துச்சு, போன் நம்பரோட. இவர் பேர் எங்கயும் இல்ல. பேர் கிடைக்கும்னு சொல்லித்தானய்யா ஓசியில வாங்கினீங்க!

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதி இல்ல. ஓடற குதிரையை முதன்முதல்ல ஒழுங்கா படம் புடிச்சவருக்கே இதான் நடந்துச்சு. எட்வர்ட் மைபிரிட்ஜ். 1878 ஜூன்ல கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவுல, வரிசையா 12 கேமரா வெச்சு, குறுக்கே நூல் கட்டி, குதிரை நூலை இடிக்க இடிக்க ஷட்டர் விழற மாதிரி செஞ்சார். ஓடும்போது நாலு காலும் தரையை விட்டு எழும்பற கணம் உண்டுன்னு உலகத்துக்குக் காட்டின படம் அது. அதுவரைக்கும் ஓவியர்கள் எல்லாம் குதிரைக் கால்களை முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு விரிச்சுத்தான் வரைஞ்சுட்டிருந்தாங்க. செலவு பண்ணினவர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், ரயில்வே முதலாளி, முன்னாள் கவர்னர். 1882ல ஸ்டான்ஃபோர்ட் தன் டாக்டர் நண்பர் ஸ்டில்மேன் பேர்ல அந்த ஆராய்ச்சியைப் புத்தகமா போட்டார். முகப்புல மைபிரிட்ஜ் பேர் இல்ல. படங்களும் பெரும்பாலும் கோட்டோவியமா மாத்தப்பட்டிருந்துச்சு. அதே சமயம் லண்டன் ராயல் சொசைட்டி மைபிரிட்ஜோட கட்டுரையை வெளியிடறதா இருந்தது. புத்தகத்தைப் பார்த்ததும், இது உம்ம வேலைதானாங்கற சந்தேகத்துல பின்வாங்கிருச்சு. கேஸ் போட்டார், தோத்தார். அப்புறம் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆதரவுல 1887ல 781 தகடுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டுத்தான் தன் பேரை மீட்டார். நம்ம அண்ணனுக்கு எந்தப் பல்கலைக்கழகம் வரும்?

சட்டம் என்ன சொல்லுது? 1957 காப்புரிமைச் சட்டப்படி படத்தோட ஆசிரியர் அதை எடுத்தவர்தான். ஒருத்தர் காசு கொடுத்து, எடுக்கச் சொல்லி எடுத்த படம்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல காப்புரிமை காசு கொடுத்தவருக்குப் போகும் (17ஆம் பிரிவு). யாரும் சொல்லாம நீங்களா போய் எடுத்தது உங்களோடது. அதை இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், வாட்ஸப்ல அனுப்பினதாலயே உரிமை கைமாறிடாது. முக்கியமானது 57ஆம் பிரிவு. காப்புரிமையையே வித்துட்டாலும், "இது என் படைப்பு"ன்னு சொல்ற உரிமை எடுத்தவனை விட்டுப் போகாது. ஆக, பேர் போடறதை அவங்க ஏதோ தயவு மாதிரி பேசறது சுத்தப் பம்மாத்து.

"சூதாட்டத்துக்கு எதுக்குடா வக்காலத்து?"ன்னு வகுப்புல ஒருத்தன் கேட்டான். பந்தயம் வேணுமா வேணாமாங்கறது வேற சண்டை. தமிழ்நாட்டுல 1974லயே தடைச் சட்டம் போட்டாங்க. 1996ல உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லிருச்சு. ஜாக்கிக்கும் டிரெய்னருக்கும் திறமை இருக்குன்னு கோர்ட்டே ஒத்துக்கிச்சு, வேலி ஓரமா நின்னு 1/60ல அமுக்கினவனுக்கு மட்டும் இல்லையா? இன்னொண்ணு. 2024 ஜூன்ல ஊட்டி ரேஸ் மைதானத்தை அரசு எடுத்துக்கிச்சு, செப்டம்பர்ல கிண்டியில சீல் வெச்சாங்க. வாடகை பாக்கி. நூறு வருஷத்துக்கு மேல குதிரை ஓடின இடங்கள் அது ரெண்டும். அங்க என்ன நடந்துச்சுன்னு பேரப்பசங்களுக்குக் காட்ட மிஞ்சப்போறது படங்கதான்.

"வாட்டர்மார்க் போட வேண்டியதுதானே"ன்னு சொல்ற அறிவாளிகளுக்கு: ஓரத்துல போட்டா வெட்டிடறாங்க, நடுவுல போட்டா படம் நாசம். இப்ப ரெண்டு தட்டு தட்டினா போன்லயே அழிஞ்சு போகுது. திருடனைக் கேக்காம பூட்டு ஏன் சின்னதுன்னு கேக்கறீங்க.

பணக்காரங்க விளையாட்டுலதான் இப்படின்னு மட்டும் நினைச்சுடாதீங்க. ஒரு காலத்துல பட்டாளத்துக்குக் குதிரை வளர்த்த மத்திகிரிப் பண்ணை நம்ம ஊர்லதான் இருக்கு, ஆனா நம்ம மண்ணுல ஓடறது எருது. தை, மாசியில கிருஷ்ணகிரி மாவட்டம் பூரா எருது விடும் விழா. ஒரு ஊர்ல யார் குறைஞ்ச நொடியில ஓடறாங்கன்னு பரிசு, இன்னொரு ஊர்ல கொம்புல கட்டின அலங்காரத் தட்டியைப் பறிக்கணும். 2023 பிப்ரவரி 2ஆம் தேதி கோபசந்திரத்துல அனுமதி தாமதமாகி, தேசிய நெடுஞ்சாலையை மறிச்சு, கல்லெறிஞ்சு, கண்ணீர்ப்புகை வரைக்கும் போனது ஞாபகம் இருக்கும். வெளியூர்க்காரனுக்கு நம்ம விழான்னா உடைஞ்ச பஸ் கண்ணாடிதான். அது அப்படி மட்டும் இல்லைன்னு காட்டற படங்களை எடுக்கறது நம்ம பசங்க. காளை நேரா பாயும்போது கம்புத் தட்டியைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே எடுக்கறாங்க. ரேஸ் கோர்ஸ்லயாவது நடுவுல வேலி இருக்கும்.

அந்தப் படம் மறு வாரம் எங்க வருது? ஃப்ளெக்ஸ்ல. காளை பேர், ஓனர் பேர், ஊர் பேர், சுத்தி அம்பது தலை. மாமன், மச்சான், பொறந்து ஆறு மாசம் ஆன குழந்தை வரைக்கும் போட்டோவோட பேர். எடுத்தவன் பேருக்கு இடம் பத்தலையாம். :-)

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. விழாக் கமிட்டி பாஸ் கொடுக்கும்போது, படத்தை எடுத்துப் போட்டா பேரோடதான் போடணும்னு நோட்டீஸ்ல ஒரு வரி சேர்க்கட்டும். ரேஸ் கிளப்பும் அதே வரியை ஓனர்களுக்கு அனுப்பட்டும். காலண்டர் அடிச்சு விநியோகம் பண்றவங்க பிரஸ்ஸுக்குக் கொடுக்கற மாதிரி போட்டோகிராபருக்கும் பில் போடச் சொல்லிக் காசு கொடுக்கட்டும்.

நம்ம வகுப்புலயே காளைக்குன்னு இன்ஸ்டாகிராம் பக்கம் நடத்தற நாலு பேர் இருக்கீங்க. பேர் சொல்லலை. உங்க பக்கத்துல இருக்கிற படத்துல எத்தனைக்கு எடுத்தவர் பேர் இருக்குன்னு இன்னிக்கு ராத்திரி எண்ணிப் பார்த்துட்டு, நாளைக்கு கேன்டீன்ல வந்து என்கூட சண்டை போடுங்க.