85 வயது யாருடைய வயது?

80 வயது தாண்டியவர்கள் வீட்டிலிருந்தே தபால் வாக்குப் போடலாம் என்றிருந்தது. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கினார்கள். எல்லோருக்கும் ஒரே வரம்புதானே என்கிறீர்களா தோழர்களே? உயர்த்தப்பட்ட சாதி இந்துக்களைவிடத் தலித் மக்களின் சராசரி ஆயுள் மூன்றாண்டுக்கு மேல் குறைவு. பழங்குடிகளுக்கு நான்காண்டுக்கு மேல். வயலிலும் சாக்கடையிலும் தேய்ந்த உடம்பு 70 வயதிலேயே படுத்துவிடுகிறது.

வாக்குச்சாவடியில் நூறு நாள் வேலை அட்டையே அடையாளமாகப் போதும். 85க்குக் கீழே படுக்கையில் கிடப்பவரிடமோ 40 விழுக்காடு ஊனத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். அதை வாங்க, நடக்க முடியாதவர் அரசு மருத்துவமனைக்கு நடையாய் நடக்க வேண்டுமாம்! தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்தே நாளில் படிவம் 12டி வேறு.

வரம்பை 70 ஆக்குங்கள். படிவத்தோடு அலுவலர் சேரிக்கு வரட்டும்.