பூட்டினவரை விட்டிட்டு லினக்ஸை ஏன் திட்டுறீங்கள்?

"லினக்ஸ் சரிவராது மச்சான், 4கே மொனிட்டரைக் கொழுவினா 60 ஹேர்ட்ஸுக்கு மேல போகாது. விண்டோஸைப் போடு." ஏஎம்டி கிராபிக்ஸ் உள்ள கணினியில் எச்டிஎம்ஐ கேபிள் கொழுவிப் பார்த்தவர்கள் சொல்லும் கதை இது. 60இல் நிற்பது உண்மை. பழியை ஆர் தலையில போடுறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

கணக்கு சின்னது. எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 கிகாபிட் வரைதான் கடத்தும். நிறத்தைக் குறைக்காமல் 4கே படத்தை விநாடிக்கு 120 தரம் அனுப்ப அது காணாது. 2017இல் வந்த 2.1 பதிப்பு 48 வரை கடத்தும். இதைத் தங்கள் திறந்த மூல லினக்ஸ் டிரைவரில் சேர்க்க ஏஎம்டி பொறியியலாளர்கள் அனுமதி கேட்டார்கள். எச்டிஎம்ஐ ஃபோரம் மறுத்துவிட்டது. 2024 பெப்ரவரியில் அது வெளியே வந்தது. அந்தத் தொழில்நுட்ப விவரங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமாம். திறந்த மூலக் குறியீட்டை எவரும் வாசிக்கலாம். எவரும் வாசிக்கலாம் என்பதுதான் அவைக்குப் பிரச்சினை.

என்விடியாவின் மூடிய டிரைவரில், இதே லினக்ஸில், 2.1 வேலை செய்கிறது. அப்ப "லினக்ஸுக்கு ஏலாது" எண்ட கதை எங்க போகுது?

கலைப்பீடத்தில இருந்துகொண்டு உனக்கேன் இந்த வயர்க்கதை எண்டு கேப்பியள். அறிவு ஆரின்ர சொத்து என்று வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். அதே கேள்வி மேசையில கிடக்கிற வயருக்குள்ளயும் இருக்கு.

காசு போட்டு உருவாக்கினவர்களின் உரிமை அது என்று ஒரு வாதம் வரும். சரி, டிஸ்பிளேபோர்ட்டும் கம்பனிகளின் சங்கம் ஒன்று உருவாக்கியதுதானே? அதற்குத் திறந்த மூல டிரைவர் எழுத ஒருதரும் மறிக்கேல்லை. அதன் 1.4 பதிப்பிலேயே 4கே 120 ஓடும்.

ஆகவே மொனிட்டர் வாங்கேக்க பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ. டிஸ்பிளேபோர்ட் இருந்தால் அதில் கொழுவுங்கள். லப்டொப்பில் அது இல்லாவிட்டாலும், டைப்-சி படம் அனுப்பும் வகையாக இருந்தால், டைப்-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் போதும். பிறகும் 60 என்று காட்டினால் டிஸ்பிளே செட்டிங்ஸில் போய் நீங்களே மாற்றுங்கள், அது தானாக மாறாமல் நிற்பதும் உண்டு.

டிவியில் கொழுவ நினைப்பவர்கள் பாடுதான் கஷ்டம். பெரும்பாலான டிவிகளில் டிஸ்பிளேபோர்ட்டே இல்லை. எச்டிஎம்ஐ ஃபோரத்தில் குந்தியிருப்பவர்களில் டிவி செய்யும் கம்பனிகளும் இருக்கின்றன.