காத்திருப்பின் விலையை யார் கொடுப்பது?

2024 செப்டம்பர் 21 அன்று சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிரான டெஸ்ட் போட்டியில் ரிஷப் பந்த் 109 ரன்கள் எடுத்தார். 2022 டிசம்பர் 30 அன்று ரூர்க்கி அருகே நேரிட்ட கார் விபத்துக்குப் பிறகு அவர் ஆடிய முதல் டெஸ்ட் போட்டி அது. அந்த விபத்தில் அவருடைய வலது முழங்கால் மூட்டு விலகி, அதைத் தாங்கி நிற்கும் ஜவ்வுகள் கிழிந்திருந்தன. மீண்டும் ஆட முடியுமா என்ற கேள்விக்கு அப்போது எவரிடமும் உறுதியான பதில் இல்லை. ஏறத்தாழ 21 மாதங்களில் அவர் ஐந்து நாள் போட்டிக்குத் திரும்பி, விக்கெட் காப்பாளராக உட்கார்ந்து எழுந்ததோடு சதமும் அடித்தார்.

இந்த மீட்சிக்குப் பின்னால் இருந்தவர்களில் முதன்மையானவர் மும்பை கோகிலாபென் திருபாய் அம்பானி மருத்துவமனையின் எலும்பு மூட்டு அறுவை சிகிச்சை நிபுணர் தின்ஷா பர்திவாலா. 2016-இல் சாய்னா நேவாலின் முழங்காலுக்கும், 2019-இல் நீரஜ் சோப்ராவின் முழங்கைக்கும் அறுவை சிகிச்சை செய்தவர் இவரே. சாய்னா அடுத்த ஆண்டே உலக பாட்மின்டன் போட்டியில் வெண்கலம் வென்றார். நீரஜ் 2021 ஆகஸ்ட் 7 அன்று டோக்கியோவில் 87.58 மீட்டர் தூரம் ஈட்டி எறிந்து நாட்டுக்குத் தடகளத் தங்கத்தைக் கொண்டுவந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியின் தலைமை மருத்துவ அதிகாரியாகவும் பர்திவாலா பணியாற்றினார்.

ஓர் அறுவை சிகிச்சை நிபுணரின் பணிவாழ்வைப் பற்றி எழுதப் பொருளாதாரப் பேராசிரியருக்கு என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். மருத்துவத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால், இத்தகைய மருத்துவர் ஒருவர் எந்தச் சூழலில் உருவாகிறார், அவருடைய திறமை யாரைச் சென்றடைகிறது, யாரை எட்டாமல் நின்றுவிடுகிறது என்பவை பொருளாதாரக் கேள்விகள்.

தொழிற்பகுப்பு சந்தையின் பரப்பைப் பொறுத்தது என்றார் ஆடம் ஸ்மித். சிற்றூரில் ஒரே தச்சர் கதவும் செய்வார், ஏரும் செய்வார். பெருநகரில்தான் நாற்காலி மட்டுமே செய்பவர் பிழைக்க முடியும். மருத்துவத்துக்கும் இது பொருந்தும். விளையாட்டு வீரர்களின் மூட்டுகளை மட்டுமே பார்க்கும் மருத்துவர் வாழ வேண்டுமானால், அத்தகைய மூட்டுகள் போதிய எண்ணிக்கையில் வர வேண்டும். அவற்றுக்குச் செலவிட ஆளும் இருக்க வேண்டும். 2005-இல் சச்சின் டெண்டுல்கர் தம் முழங்கைச் சிகிச்சைக்கு லண்டன் சென்றார். 2008-இல் ஐபிஎல் தொடங்கியது. 2014-இல் மத்திய அரசு ஒலிம்பிக் பதக்க மேடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. வீரர்களின் உடலுக்குச் சந்தை மதிப்பும் அரசின் ஆதரவும் கூடின. லண்டனைத் தேடிச் சென்ற மூட்டுகள் மும்பையைத் தேடி வரலாயின. மாற்றம் முழுமையடைந்துவிடவில்லை, 2023-இல் ஜஸ்ப்ரீத் பும்ராவின் முதுகுச் சிகிச்சை நியூசிலாந்தில்தான் நடந்தது. என்றாலும், அறுவை சிகிச்சைத் திறமையைப் பொறுத்தவரை நாம் வெகுதூரம் வந்துவிட்டோம்.

அப்படியென்றால், நமக்கு இன்னும் குறைவாக இருப்பது எது? அதை அறிய, அறுவை சிகிச்சைக்குப் பின் என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முழங்காலின் முன்புறக் குறுக்கு ஜவ்வு கிழிந்தால், பெரும்பாலும் அதைத் தைத்து ஒட்டுவதில்லை. தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற்சில்லின் கீழிருந்தோ தசைநாணின் ஒரு பகுதியை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். அனுபவமுள்ள நிபுணருக்கு இது ஓரிரு மணி நேர வேலை. ஆனால், பொருத்தப்பட்ட நாண் உடனே ஜவ்வாகிவிடுவதில்லை. முதலில் அது வலுவிழக்கிறது. பிறகு புதிய ரத்த நாளங்கள் அதனுள் ஊடுருவி, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தன் இயல்பை மாற்றிக்கொள்கிறது. இதற்கிடையே மெலிந்துபோன தொடைத் தசைகளைப் பயிற்சியால் மீட்க வேண்டும். ஒன்பது மாதங்கள் வரை, களம் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என 2016-இல் வெளியான நார்வே - அமெரிக்க ஆய்வு காட்டியது. எந்த மருத்துவராலும் இந்தக் காலத்தைச் சுருக்க முடியாது. சிகிச்சையின் பெரும்பகுதி, காத்திருப்பதும் அந்தக் காத்திருப்பை முறையாக நடத்துவதும்தான்.

இந்த உண்மையை உலகுக்கு முதலில் உணர்த்தியவர் அமெரிக்க நிபுணர் ஃபிராங்க் ஜோப். 1974 செப்டம்பர் 25 அன்று, லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் பந்துவீச்சாளர் டாமி ஜானின் இடது முழங்கையில் கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக, அவருடைய வலது முன்கையிலிருந்து எடுத்த தசைநாணைப் பொருத்தினார் ஜோப். வெற்றி வாய்ப்பு நூற்றில் ஒன்று என்றே அவர் அன்று கணித்தார். டாமி ஜான் 1975 பருவம் முழுவதும் ஆடவில்லை; பயிற்சி மட்டுமே செய்தார். 1976-இல் திரும்பி வந்து, 1989 வரை, தம் 46 வயது வரை பந்து வீசினார். அவருடைய 288 வெற்றிகளில் 164 வெற்றிகள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. அந்தச் சிகிச்சை இன்று டாமி ஜான் பெயராலேயே வழங்குகிறது. ஒரு முழுப் பருவம் ஆடாத வீரருக்கு அணியில் இடம் காத்திருந்தது என்பதை நாம் கவனிக்கத் தவறக் கூடாது. ஜோப்பின் கத்திக்குச் சமமாக அந்த ஓராண்டு அவகாசமும் வேலை செய்தது.

பந்துக்கும் அதே அவகாசம் கிடைத்தது. விபத்து நடந்த ஐந்தாம் நாள் டேராடூனிலிருந்து மும்பைக்கு அவரை விமான ஆம்புலன்ஸில் கொண்டுவந்தது கிரிக்கெட் வாரியம். 2023 மார்ச்சில், அவர் ஊன்றுகோலை விட்டு முழுமையாக விடுபடாத காலத்தில் வெளியான ஆண்டு ஒப்பந்தப் பட்டியலில், ரூ.5 கோடி ஊதியம் கொண்ட 'ஏ' பிரிவில் அவர் பெயர் இருந்தது. அடுத்த ஆண்டு அது 'பி' பிரிவுக்கு இறங்கியது, ஆனால், நின்றுவிடவில்லை. 2024 மார்ச்சில் அவர் ஆடத் தகுதி பெற்றுவிட்டார் என அறிவித்ததும், அவரை ஏலத்தில் எடுத்த ஐபிஎல் அணியன்று, வாரியமே. ஆட வைத்தால் லாபம் பெறுபவரும் ஆடலாமா என முடிவு செய்பவரும் ஒருவராகவே இருப்பது ஆபத்து. இதைப் பொருளாதாரத்தில் முதல்வர் - முகவர் சிக்கல் என்போம். மருத்துவர் வீரருக்கு முகவரா, பணம் கொடுக்கும் அணிக்கு முகவரா என்ற கேள்வி எல்லா உயர்மட்ட விளையாட்டிலும் உண்டு.

பாரிஸில் அந்தக் கேள்வி வேறு வடிவில் வந்தது. 2023 ஆகஸ்டில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட வினேஷ் போகாட், ஓராண்டுக்குள் ஒலிம்பிக் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றார். இறுதிப் போட்டி நாளின் காலையில் 50 கிலோ எடைப் பிரிவில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். நாட்டின் கோபம் மருத்துவக் குழுவின் மீதும் பர்திவாலாவின் மீதும் திரும்பியது. எடையைப் பேணுவது வீரர், பயிற்சியாளர் ஆகியோரின் பொறுப்பு என இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி.உஷா விளக்கமளிக்க வேண்டியிருந்தது. வெற்றியின்போது எவரும் நினைக்காத மருத்துவர், தோல்வியின்போது முதலில் நினைவுக்கு வருகிறார். யார் எதற்குப் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைக்காத அமைப்புகளில் இப்படித்தான் நடக்கும்.

இதுவரை சொன்னவை உச்சியில் இருப்பவர்களின் கதை. அடிவாரத்தில் நிலைமை வேறு.

பந்தின் விபத்துக்கு ஏழு வாரங்களுக்கு முன், 2022 நவம்பரில், சென்னையில் கால்பந்து ஆடிவந்த 17 வயதுக் கல்லூரி மாணவி ஒருவருக்கு அரசு மருத்துவமனையில் முழங்கால் ஜவ்வுச் சிகிச்சை செய்யப்பட்டது. காலில் போடப்பட்ட இறுக்கமான கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டது. உரிய நேரத்தில் அது கவனிக்கப்படவில்லை. கால் அகற்றப்பட்டும் அந்தப் பெண் உயிர் பிழைக்கவில்லை. மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். குடும்பத்துக்கு அரசு நிதியுதவி வழங்கியது. அரிய அறுவை சிகிச்சை நுட்பம் அங்கே தேவைப்படவில்லை. அறுவை அரங்கை விட்டு வெளியே வந்த பின், அந்தக் காலைத் தொட்டுப் பார்த்து, விரல்களின் நிறத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கும் கண்கள்தாம் தேவைப்பட்டன. சிகிச்சைக்குப் பிந்தைய நேரத்துக்கு நம் அமைப்பு எவ்வளவு குறைவான மதிப்பு வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

உயிரிழப்பு அரிது. அரிதல்லாதது, சத்தமில்லாமல் முடிந்துபோகும் விளையாட்டு வாழ்வு. நான் பணியாற்றிய கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த கபடி வீரர் ஒருவர் என் வகுப்பில் படித்தார். பல்கலைக்கழகப் போட்டியில் முழங்கால் திரும்பியது. ஊருக்குச் சென்று புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வந்தார். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. மண்டலப் போட்டிக்கு அவர் பெயர் அனுப்பப்பட்டது. ஆடுகளத்தில் கால் மீண்டும் நழுவியது. கட்டுப் போட்டால் சேர்வதற்கு அது எலும்பு முறிவன்று, கிழிந்த ஜவ்வு என்பதைச் சொல்ல அவரைச் சுற்றி ஒருவரும் இல்லை. சொல்லியிருந்தாலும், ஒன்பது மாதம் ஆடாமல் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சலுகை நிலைக்குமா என்ற அச்சம் அவருக்கு இருந்தது. காவல் துறைத் தேர்வுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த இளைஞர், மூன்றாம் ஆண்டில் படியிறங்கக் கைப்பிடியைத் தேடினார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பிறகான செலவுக்கு அத்திட்டம் தரும் காலம் 15 நாள்கள். ஜவ்வுக்குத் தேவை ஒன்பது மாதங்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் உள்ள பள்ளத்தில்தான் நம் மாவட்ட வீரர்கள் விழுகிறார்கள். அறுவை சிகிச்சைக்கு மட்டும் பணம் கொடுத்து மீட்புப் பயிற்சிக்குக் கொடுக்காமல் விடுவது, கிணறு வெட்டிவிட்டு வாளிக்குக் காசில்லை என்பதைப் போன்றது. முதலில் செய்த செலவும் சேர்ந்து வீணாகிறது.

ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் அமர்வுக்கு ரூ.500 வீதம் நூறு அமர்வுகள் இயன்முறை மருத்துவம் தந்தால் ரூ.50,000 ஆகும். ஒலிம்பிக் பதக்க மேடைத் திட்டத்தின் முதன்மைப் பிரிவு வீரருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் கைச்செலவுத் தொகை இதுவே. கேலோ இந்தியா வீரருக்கு மாதம் ரூ.10,000 கொடுக்கிறோம். பல ஆண்டுகள் இப்படிச் செலவிட்டு உருவாக்கிய வீரரை, ஐந்து மாத உதவித்தொகைக்குச் சமமான மீட்புச் செலவு இல்லாமல் இழப்பது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது.

எனவே, சில யோசனைகளை முன்வைக்க விரும்புகிறேன். முதலாவதாக, காப்பீட்டுத் திட்டங்களில் மூட்டு ஜவ்வுச் சிகிச்சையை அறுவையும் ஒன்பது மாத மீட்புப் பயிற்சியும் சேர்ந்த ஒரே தொகுப்பாக வரையறுக்க வேண்டும். மருத்துவமனைக்குரிய தொகையில் ஒரு பகுதியை, நோயாளி பயிற்சியை முடித்த பின்னரே விடுவிக்கலாம். அப்போது வீடு அனுப்பியவரை மறந்துவிடும் வழக்கம் குறையும்.

இரண்டாவதாக, தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் அவற்றில் முடநீக்கியல் துறைகளும் இருக்கின்றன. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கிறார்கள். இந்த இரண்டையும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்துடன் இணைத்து, வாரம் ஒரு நாள் விளையாட்டுக் காயப் பிரிவு நடத்தப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.

மூன்றாவதாக, காயமடைந்த மாணவரின் உதவித்தொகையும் ஒதுக்கீட்டு இடமும் மீட்புக் காலம் முழுவதும் தொடரும் என எழுத்துவடிவில் உறுதியளிக்க வேண்டும். களம் திரும்பலாம் என்ற சான்றிதழைப் பயிற்சியாளரோ கல்லூரியோ வழங்காமல், போட்டியின் முடிவில் ஆதாயம் இல்லாத மருத்துவர் வழங்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. முதலமைச்சர் கோப்பை முதல் கேலோ இந்தியா வரை போட்டிகளுக்கும் பரிசுகளுக்கும் அரங்குகளுக்கும் ஆண்டுதோறும் செலவிடுகிறோம். போட்டிகள் பெருகப் பெருகக் காயங்களும் பெருகும். அது விளையாட்டின் இயல்பு. ஆட அழைத்தவருக்கு, ஆட்டத்தில் விழுந்தவரை எழுப்பும் கடமையும் உண்டு.

பர்திவாலாவைப் போன்ற நிபுணரை ஒவ்வொரு மாவட்டத்திலும் உருவாக்க முடியாது, தேவையும் இல்லை. அத்தகையோரின் கை செய்யும் வேலை சில மணி நேரம். எஞ்சிய மாதங்களின் வேலையை ஓர் இயன்முறை மருத்துவரும், நிலையான சிறு வருமானமும், 'அவசரமில்லை, குணமானதும் வா' என்று சொல்லும் ஒரு நிர்வாகமும் செய்துவிட முடியும். நட்சத்திர வீரருக்கு அந்த அவகாசத்தைச் சந்தை வாங்கிக் கொடுக்கிறது. சந்தையில் விலை இல்லாத வீரருக்கு அதை வாங்கிக் கொடுக்க அரசைத் தவிர வேறு யாரும் இல்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).