சிபாரிசு வேண்டாம், வரிசையைக் காட்டு!



காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் துணி விற்கும் நம் சகோதரர் ஒருவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். மூட்டை தூக்கித் தூக்கி அடிவயிற்றில் குடலிறக்கம் வந்துவிட்டது. அரசு மருத்துவமனை ஒன்றில் காட்டினார். 'ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், அவசரமில்லை' என்று தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதியில் போனார். மயக்க மருத்துவர் இல்லை. அடுத்த தேதியில் போனார். சர்க்கரை கூடியிருக்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். மூன்றாம் முறை முதல்நாளே சேர்த்துக்கொண்டு, இரவிலிருந்து பட்டினி போட்டு, மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, 'விபத்துக் கேஸ் வந்துவிட்டது, இன்று உங்கள் முறை வராது' என்று அனுப்பிவிட்டார்கள். இதற்குள் எடுத்த பரிசோதனைகள் எல்லாம் பழசாகிப் போயின. மறுபடி முதலிலிருந்து!

நான்காம் முறை அவர் நம் அலுவலகப் படியேறினார். சிபாரிசுக் கடிதம் கேட்டார். கொடுத்தோம். பத்தே நாளில் ஆபரேஷன் முடிந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். நாமும் மகிழ்ந்தோம்.

ஆனால் ஒரு கேள்வி நம்மைத் தூங்கவிடவில்லை. அந்தப் பத்தாம் நாள் மேஜையில் படுத்திருக்க வேண்டியவர் யார்? வீராம்பட்டினத்து மீனவரா? மூடிப்போன மில்லின் பழைய தொழிலாளியா? யாருக்கும் கடிதம் எழுதத் தெரியாத, யாரையும் தெரியாத ஒரு ஏழைத் தாயா? நம் கடிதம் மேஜையின் எண்ணிக்கையைக் கூட்டவில்லை. ஒருவரைப் பின்னுக்குத் தள்ளியது, அவ்வளவுதான். அந்த ஒருவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவராகக்கூட இருந்திருக்கலாம். முல்லா வீதியில் எல்லோருக்குமா நம் அலுவலகம் தெரியும்?

'அவசரமில்லை' என்ற சொல்லையே முதலில் பாருங்கள். இன்று இரவு உயிர் போகாது என்பதுதான் அதன் பொருள். குடலிறக்கத்தில் இறங்கிய குடல் நெரிபட்டு ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் குடல் அழுகத் தொடங்கும். நேற்றுவரை அவசரமில்லாதவர் இன்று உயிருக்குப் போராடுவார். கண்புரைக்காகக் காத்திருப்பவர் தடுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வார். கர்ப்பப்பையில் கட்டியோடு மாதாமாதம் ரத்தம் போக்கும் பெண்ணுக்குச் சோகை முற்றினால், 'ரத்தம் குறைவு' என்று அதற்காகவே மீண்டும் தள்ளிவைப்பார்கள்! தினசரி வியாபாரிக்கோ கடை மூடிய ஒவ்வொரு நாளும் நஷ்டம். பொறுக்க முடியாமல் மனைவியின் நகையை அடகு வைத்துத் தனியார் மருத்துவமனைக்கு ஓடியவர்கள் நம்மில் எத்தனை பேர்?

மருத்துவர்களைத் திட்டுவதில் பயனில்லை. ஒரு பிரிவுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள்தான் ஆபரேஷன் அறை கிடைக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பஸ் கவிழ்ந்தால் அந்த நாளும் போயிற்று. ஜிப்மரையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில், 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் கொண்டது அது. 2008-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. கடலூர், விழுப்புரம் மட்டுமல்ல, திருவண்ணாமலையிலிருந்தும் நாகையிலிருந்தும் விடியுமுன் பஸ் பிடித்து வருகிறார்கள். கோட்டக்குப்பத்தில் நின்றால் தமிழ்நாடு, நான்கு எட்டு வைத்தால் புதுச்சேரி. நோய்க்கு எல்லைக்கோடு தெரியுமா? கூட்டம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் கூட்டம் வேறு, குழப்பம் வேறு. தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் கூட்டம் கூட்டமாகத்தான் வருகிறார்கள். அங்கே ஒரு மேஜையில் மருத்துவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியைத் தயார் செய்துவிடுகிறார்கள். கத்தி வைப்பவரின் ஒரு நிமிடமும் வீணாவதில்லை. எல்லா அறுவைக்கும் இந்த முறை பொருந்தாது, ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் மயக்க மருத்துவர் வராத நாளை நோயாளிக்கு முன்கூட்டியே சொல்வதற்குமா புதிய கட்டடம் வேண்டும்?

சட்டம் என்ன சொல்கிறது? 1992-இல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற விவசாயத் தொழிலாளியை, படுக்கை இல்லை என்று சொல்லி அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது: உரிய நேரத்தில் சிகிச்சை தராதது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும், பணமில்லை என்று அரசு தட்டிக்கழிக்க முடியாது. 25,000 ரூபாய் இழப்பீடும் கொடுக்கச் சொன்னது. மகத்தான தீர்ப்பு! ஆனால் அது அவசர சிகிச்சையைப் பற்றியது. 'அவசரமில்லை' என்று சீட்டு வாங்கியவன் எத்தனை மாதம் காத்திருக்கலாம்? அதைச் சொல்ல ஆளில்லை.

இங்கிலாந்தில் சொல்லியிருக்கிறார்கள்: 18 வாரம். அங்கே அதைக் காப்பாற்றுகிறார்களா என்றால், இல்லை. பல ஆண்டுகளாக அந்த இலக்கை எட்டவில்லை. 2023-இல் அவர்களுடைய காத்திருப்போர் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் எதற்கு அவர்கள் கதை என்பீர்கள். அவர்கள் எண்ணுகிறார்கள், சகோதரர்களே! மாதந்தோறும் எண்ணி வெளியிடுகிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க்கட்சி கேள்வி கேட்கிறது, பத்திரிகை கேள்வி கேட்கிறது. நம்மிடம் கேள்வி கேட்க என்ன இருக்கிறது? கசங்கிய ஓ.பி. சீட்டு!

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துத் தமிழ்நாட்டில் 2008 முதல் இறந்தவர்களின் சிறுநீரகமும் கல்லீரலும் அரசுப் பதிவேட்டின் வரிசைப்படி ஒதுக்கப்படுகின்றன. அத்தனை நெருக்கடியான ஒன்றுக்கே வரிசை வைக்க முடியுமென்றால், குடலிறக்கத்துக்கும் பித்தப்பைக் கல்லுக்கும் முடியாதா?

கேட்பது பெரிதல்ல. தேதி கொடுக்கும்போதே வரிசை எண் கொடு. அந்தப் பட்டியலைச் சுவரில் ஒட்டு. பெயர் வேண்டாம், எண் போதும். ஒத்திவைத்தால் காரணத்தை எழுதிக் கொடு. ஒத்திவைக்கப்பட்டவனைக் கடைசிக்குத் தள்ளாதே. நோய் முற்றியவரை மருத்துவர் முன்னுக்குக் கொண்டுவரட்டும், அது அவர் உரிமை. எம்.எல்.ஏ.வின் கடிதத்துக்கும் நம் கடிதத்துக்கும் அந்த உரிமை கிடையாது.

இளைஞர்களே, உங்களுக்கு இரண்டு வேலை. ரத்தம் கிடைக்காமலும் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. ரத்ததானத்தில் நம் பிள்ளைகள் பெயர் வாங்கியவர்கள்தாம். ஆனால் போன் வந்த பிறகு ஓடுகிறோம். ஒவ்வொரு மஹல்லாவிலும் வகை வாரியாகப் பட்டியல் தயாராக இருக்கட்டும். இரண்டாவது, 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், சென்ற ஆண்டு எத்தனை அறுவைகள் அன்றைய தினமே ரத்தாயின என்று கேட்டு எழுதுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

வணிகச் சகோதரர்கள் இனி கடிதம் கேட்டு வரும்போது ஓ.பி. சீட்டின் நகலையும் கொண்டு வாருங்கள். முதல் தேதி எது, எத்தனை முறை ஒத்திவைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வோம். ஐம்பது சீட்டு சேர்ந்ததும் மதம் பாராமல் அந்த ஐம்பது பேரையும் அழைத்துக்கொண்டு, கண்காணிப்பாளர் அறைக்கு நேரில் போவோம், இன்ஷா அல்லாஹ்.