‘மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ!’

இந்த நாட்டின் அரச அலுவலகங்களிலே பொதுமக்கள் கேட்கும் வாக்கியங்களுள் மிகவும் சிறியதும், அவர்களுக்கு மிக அதிகம் செலவு வைப்பதும் எதுவென்று என்னைக் கேட்டால் தயங்காமல் இதனையே சொல்வேன்: “மெசின் பழுது, நாளைக்கு வாங்கோ.” சொல்பவருக்கு அரை நிமிடம். கேட்பவருக்கோ ஒரு நாட்கூலி, போகவர பஸ் கட்டணம், அயல்வீட்டில் விட்டு வந்த பேரப்பிள்ளை, மறுநாளும் அதே வரிசை.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பிரதேச செயலகத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னே ஒரு மூதாட்டி. காணி தொடர்பான ஓர் உறுதிப்படுத்தற் கடிதம் அவருக்குத் தேவை. கடிதம் தயார், கணினித் திரையிலும் தெரிகின்றது. அச்சுப்பொறியில் மட்டும் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிகின்றது. உத்தியோகத்தர் மீண்டும் மீண்டும் அச்சிடும் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தார். பின்னர் அந்த வாக்கியம் வந்தது.

“பிள்ளை, நான் முதல் பஸ்ஸிலை வந்தனான். நாளைக்கும் பழுதெண்டால்?” என்று மூதாட்டி கேட்டார். பதில் சொல்ல அங்கே எவருக்கும் தெரியவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

ஒரு கால்மணி நேரம் கழித்து உள்ளேயிருந்து வந்த பட்டதாரிப் பயிலுநர் ஒருவர், அச்சுப்பொறியின் சிறிய திரையில் இருந்த செய்தியை வாசித்தார்; பச்சைப் பொத்தானை அமுக்கினார். அந்தக் கடிதம் வெளியே வந்தது. ஒன்றல்ல, பதினொன்று. உத்தியோகத்தர் எத்தனை தடவை கட்டளை கொடுத்தாரோ அத்தனை பிரதிகள். உரியவர் மட்டும் அங்கில்லை.

நடந்தது என்ன? அந்த ஆவணம் ‘லெற்றர்’ எனப்படும் அமெரிக்கத் தாள் அளவில் தயாரிக்கப்பட்டிருந்தது. அதன் அளவு 216க்கு 279 மில்லிமீற்றர். தட்டில் இருந்ததோ நாம் பாவிக்கும் ஏ4, 210க்கு 297. “நீங்கள் கேட்ட தாள் என்னிடம் இல்லை, என்ன செய்யட்டும்?” என்று பொறி கேட்டுக்கொண்டு நின்றது. அதற்குத்தான் மஞ்சள் விளக்கு. கேள்வி கேட்ட பொறியைப் பழுதென்று தீர்ப்பளித்தோம். தீர்ப்பின் தண்டனையை ஒரு மூதாட்டியின் தலையில் சுமத்தினோம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். ‘பழுது’ என்று நமது அலுவலகங்களில் சொல்லப்படுவனவற்றுள் பெரும்பங்கு பழுதே அல்ல. அது ஒரு தீர்மானம். இதற்குமேல் பார்க்க வேண்டியதில்லை, இதன் செலவை வந்தவரே ஏற்கட்டும் என்ற தீர்மானம்.

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

அச்சுப்பொறிக்கு அனுப்பப்படும் ஆவணங்கள் கணினிக்குள் ஒரு வரிசையில் நிற்கின்றன. அவ்வரிசையைக் கவனிக்கும் பகுதிக்கு ஸ்பூலர் என்று பெயர். முன்னால் நிற்கும் ஓர் ஆவணம் கெட்டுப்போனால் பின்னால் நிற்பவை அனைத்தும் நின்றுவிடும். வரிசையைத் திறந்து அந்த ஒன்றை நீக்க வேண்டும். அது நீங்க மறுத்தால் ஸ்பூலரை நிறுத்தி, தேங்கிய கோப்புகளை அழித்து, மீண்டும் இயக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. நாமோ மேலும் பத்துத் தடவை அச்சிடும் கட்டளையைக் கொடுத்து வரிசையை நீட்டுகின்றோம்.

‘ஓஃப்லைன்’ என்று திரை காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது வயர் கழன்றிருக்கிறதா என்பதை. வலையமைப்பில் இணைந்த பொறியென்றால், மின்சாரம் போய் வந்தபின் அதன் முகவரி மாறியிருக்கலாம். கணினி பழைய விலாசத்துக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கும். பொறிக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. விண்டோஸ் 10 முதல் வந்த ஓர் ஏற்பாட்டின்படி, கடைசியாகப் பாவித்த அச்சுப்பொறியையே கணினி தன் வழக்கமான பொறியாக்கிக் கொள்வதும் உண்டு. இங்கே கொடுத்த கட்டளைக்கு அடுத்த அறையில் தாள் விழும். இங்கே ‘பழுது’ என்பார்கள்.

தாள் சிக்குகின்றதா? கடற்கரையோர ஊர்களின் காற்றில் ஈரம் அதிகம். பிரித்த தாள்கட்டை மேசையில் திறந்து வைத்தால் தாள்கள் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டும். மூடி வையுங்கள், தட்டில் இடுமுன் விசிறிப் பிரித்துவிடுங்கள். தாளை இழுக்கும் இறப்பர் உருளையில் தூசி படிந்திருந்தால், பொறியை நிறுத்திவிட்டு, நூல் உதிராத ஈரத்துணியால் துடையுங்கள். லேசர் பொறியில் எழுத்து மங்கினால் ரோனரை வெளியே எடுத்து இருபுறமும் மெல்ல அசைத்து வைத்தால் இன்னும் சில நாட்களுக்கு ஓடும்.

காலையில் ‘இன்ரநெற் இல்லை’ என்று கைவிரிக்கும் அலுவலகம் ஒன்றை அறிவேன். உண்மையில் கணினியின் திகதி பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. திகதி பிழைத்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்க மறுக்கும். உள்ளே இருக்கும் நாணயக்குற்றி போன்ற சிறிய பற்றறி செத்துவிட்டது; மாலையில் சுவிட்சை நிறுத்திவிட்டுப் போவதால் தினமும் காலையில் கணினி தன் நாளை மறந்துவிடுகின்றது. அந்தப் பற்றறியை மாற்றாமல் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்!

இன்னொன்று. 2022 மார்ச் இறுதியில் நாம் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டைக் கண்டோம். அதிலே பாடம் கற்றுப் பல அலுவலகங்கள் யூபிஎஸ் வாங்கின. சிலர் லேசர் அச்சுப்பொறியையும் அதிலேயே செருகினார்கள். மையைச் சூடாக்கித் தாளில் பதிக்கும் அப்பொறி ஒரே தடவையில் இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யூபிஎஸ் தாங்காது. அது அலறும், கணினியையும் சேர்த்து அணைக்கும். பிறகு யூபிஎஸ்ஸும் ‘பழுது’ப் பட்டியலில் சேரும்.

இவற்றுள் எதற்கும் பொறியியல் பட்டம் தேவையில்லை. மின்வழங்கியைத் திறப்பது, சூடான உருளையில் கை வைப்பது போன்றவை தொழில்நுட்பவியலாளருக்கு உரியவை. அவற்றைத் தொடாதீர்கள் என்றே நானும் சொல்வேன். ஆனால் விளக்கு ஏன் எரிகின்றது என்று வாசிப்பதற்கும் ஓர் ஆளைத் தலைநகரத்திலிருந்து வரவழைக்க வேண்டுமா?

“எங்களுடைய வேலை எழுதுவது, மெசின் பார்ப்பது அல்ல” என்று நண்பர் ஒருவர் என்னோடு வாதிட்டார். அவரும் அரச உத்தியோகத்தர்தாம். நான் ஈய எழுத்துக் காலத்தில் பத்திரிகைக் கந்தோருக்குள் நுழைந்தவன். தட்டச்சாளர் தம் பொறியின் நாடாவைத் தாமே மாற்றுவார். கண்ணுள்ள எழுத்துகளில் மை அடைத்தால் குண்டூசியால் நோண்டித் துப்புரவாக்குவார். அச்சுக்கோப்பாளர் தம் எழுத்துப் பெட்டியைத் தாமே கழுவி அடுக்குவார். அதற்காக எவரும் அவர்களைப் ‘பொறியியலாளர்’ என்று அழைக்கவில்லை. கருவியை அறிவதும் தொழிலின் பகுதியாக இருந்தது. நள்ளிரவில் இயந்திரம் நின்றால் “பத்திரிகை நாளைக்கு வாங்கோ” என்று வாசகனுக்குச் சொல்ல எங்களால் முடியவில்லை. விடிவதற்குள் எப்படியாவது ஓட்டியே ஆகவேண்டும். அரச அலுவலகத்தில் அந்த ‘எப்படியாவது’ ஏன் இல்லை? தாமதத்தின் செலவு அலுவலகத்தின் கணக்கில் ஏறுவதில்லை என்பதனால்தான்.

எனினும் குற்றம் முழுவதையும் கருமபீடத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிட்டு நான் தப்பிக்கொள்ள மாட்டேன். மூடியைத் திறந்தமைக்காகத் திட்டு வாங்கியவர் அடுத்த முறை திறப்பாரா? பயிற்சி என்ற பெயரில் ஒருநாள் கருத்தரங்கும் மதிய உணவும் கொடுத்தால் போதுமா? ஸ்பூலரை நிறுத்தி இயக்கும் அனுமதி சாதாரண பயனருக்குக் கிடையாது. 2021இல் அந்த ஸ்பூலரில் பாரதூரமான பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டதை நினைத்தால் அக்கட்டுப்பாடு நியாயமானதே. ஆனால் அனுமதியைப் பூட்டி வைப்பவர்கள், அழைத்தால் உடனே வரும் ஓர் ஆளையும் வைக்க வேண்டும். பூட்டும் உண்டு, திறப்பு வைத்திருப்பவர் விடுமுறையில் என்றால் அது நிர்வாகமா?

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை கப்பம் கோரும் தீநிரலால் தாக்கப்பட்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. அந்தக் காலத்துக்குரிய காப்புப் பிரதி இருக்கவில்லை, மென்பொருளும் பழையது. மஞ்சள் விளக்கை வாசிக்காத கருமபீடத்துக்கும் காப்புப் பிரதியைச் சோதிக்காத தலைமையகத்துக்கும் இடையில் வேறுபாடு அளவில் மட்டுமே.

இனி, எல்லாவற்றிலும் பாரதூரமான ‘பழுது’க்கு வருகின்றேன். “இந்த மெசினில் தமிழ் வராது.”

எத்தனை தடவை இதைக் கேட்டிருக்கின்றோம்! தமிழ்ப் படிவத்தை அச்சிட்டால் கட்டம் கட்டமாக வருகின்றது, அல்லது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வருகின்றது. ஆகவே சிங்களப் படிவத்தையே நிரப்புங்கள் என்கின்றார்கள். வாசிக்க முடியாத தாளில் கையொப்பம் வைத்துவிட்டுப் போகின்றார் ஒருவர். அவர் எதற்கு ஒப்பமிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

இதன் காரணம் எளியது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் உருவங்களை வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியின் நினைவில் பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இல்லாத கணினியில் அந்த ஐந்தும் அப்படியே வெளியே வரும். யுனிகோடிலோ தமிழுக்குத் தனியிடம் 1991இல் வெளியான முதற் பதிப்பிலேயே ஒதுக்கப்பட்டுவிட்டது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் எழுத்துரு கணினியோடு சேர்ந்தே வருகின்றது. நமது நாட்டிலும் தமிழுக்கான தரம் 2008இல் வகுக்கப்பட்டது. படிவங்களை ஒருமுறை யுனிகோடுக்கு மாற்றி, எழுத்துரு உள்ளடங்கிய பீடிஎஃப் கோப்பாகச் சேமித்தால் எந்தக் கணினியிலும் தமிழ் வரும். அப்போதும் அச்சுப்பொறி முரண்டு பிடித்தால், ‘படமாக அச்சிடு’ என்ற தெரிவு அக்ரோபற் ரீடரிலேயே இருக்கின்றது.

1987இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் வரும் தமிழ் அச்சுப்பொறியில் வரவில்லை என்றால் அதற்குத் தொழில்நுட்பம் பொறுப்பல்ல. சிங்களம் வராத ஓர் அச்சுப்பொறி ஓர் அரச அலுவலகத்தில் எத்தனை நாட்கள் திருத்தப்படாமல் இருக்கும்? அந்தக் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்பவர்களுக்கு நான் வேறு விளக்கம் தரத் தேவையில்லை.

நான் கோருவது பெரிய திட்டமன்று. ஒவ்வோர் அச்சுப்பொறிக்கும் அருகில், முதலில் பார்க்க வேண்டிய ஐந்து விடயங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு தாளில் ஒட்டப்படட்டும். அதனருகே ஒரு குறிப்புப் புத்தகம்: பழுது எத்தனை மணிக்கு வந்தது, என்ன செய்து பார்த்தோம், யாருக்கு அறிவித்தோம், எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினோம். அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒரு மாதம் அதை நிரப்பிப் பாருங்கள். மேலதிகாரி தாமாகவே எழும்பி வருவார். அடுத்த அறையில் வேலை செய்யும் பொறி இருந்தால் கோப்பை அங்கே கொண்டுபோங்கள். அதுவும் இல்லையென்றால், வந்தவரின் விலாசத்தை எழுதி வைத்துக் கடிதத்தைத் தபாலில் அனுப்புங்கள். முத்திரையின் விலை ஒரு நாட்கூலியை விடக் குறைவு.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அந்த வாக்கியத்தைக் கேட்டதும் திரும்பி நடக்காதீர்கள். மரியாதையோடு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என்ன பழுது? எப்போதிருந்து? யாருக்கு அறிவித்திருக்கின்றீர்கள்? விடை கிடைக்காவிட்டால் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தருகின்றது; விண்ணப்பம் குறித்து 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அவ்விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். பதிலும் தமிழில் வரட்டும். வராவிட்டால், அந்த அலுவலகத்தில் உண்மையில் பழுதாகி இருப்பது எது என்பது எழுத்திலேயே பதிவாகிவிடும்.